பெம்பான் அக்காவுக்கு எத்தனை வயது

நான் எழுதிப் பழகியவள் இல்லை. எஸ்டேட் தமிழ்ப் பள்ளியில் ஆறாவதோடு நின்றேன். அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் கடைக்கு மளிகைச் சீட்டும், கோயிலில் அர்ச்சனைக்கு வீட்டாருடைய நட்சத்திரமும்தான். அதனால் இது முன்னும் பின்னுமாகப் போகும். மறதியும் சேர்ந்துவிட்டது. போன வாரம் மூக்குக் கண்ணாடியை வீடு முழுக்கத் தேடினேன், கடைசியில் அரிசி டின்னுக்குள் கிடந்தது. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் யார்மேலாவது எனக்குச் சந்தேகம் வந்துவிட்டால் அது மட்டும் மறப்பதில்லை. இதுவும் அப்படி ஒரு சந்தேகம்தான்.

தொண்ணூறுகளின் கடைசி வருடங்கள். என் வீட்டுக்காரர் காலமாகிச் சில வருடம் ஆகியிருந்தது. எஸ்டேட் வீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, புக்கிட் பெருவாங்கில் மகன் வீட்டோடு வந்து இருந்தேன். மகன் பாச்சாங்கில் ஒரு கார் பட்டறையில் வேலை செய்தான். மருமகள் ஆயர் குரோவில் ஒரு தொழிற்சாலை ஆபீசில் கிராணி, கணக்கெழுதுகிற வேலை. கம்ப்யூட்டரை வீட்டுக்குக் கொண்டுவந்தது அவள்தான். டெலிபோன் ஒயரைப் பிடுங்கி அதில் செருகுவாள். அது கொஞ்ச நேரம் கீச்கீச்சென்று கத்திவிட்டு அடங்கும். பிறகு உலகம் முழுக்க அதில் வரும் என்றாள். வருவது இருக்கட்டும், இங்கிருந்து என்ன போகிறது என்று நான் கேட்டேன். அவள் சிரித்தாள். வேலை இல்லாத நேரத்தில் நான் அதன் முகத்தில் ஒரு தலையணை உறையை மாட்டிவைப்பேன். நாம் அதைப் பார்க்கிறோம், அது நம்மைப் பார்க்காது என்று யார் சொன்னது?

சனிக்கிழமை மத்தியானங்களில் என் சிநேகிதி வருவாள். நானும் அவளும் ஒரே எஸ்டேட்டில் அடுத்தடுத்த வீடு. என்னைவிட இருபது வயது போல இளையவள், என்னை அக்கா என்பாள். எஸ்டேட்டை விட்டதும் அவர்கள் பெம்பானில் சின்ன வீடு ஒன்று வாங்கிக்கொண்டு போனார்கள். அவள் வீட்டுக்காரர், எண்ணெய் எடுக்கிற செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டினார். அவள் பஸ் பிடித்து டவுனுக்கு வந்து சாமான் வாங்கிக்கொண்டு, மரவள்ளிக் கிழங்கோ கீரையோ ஒரு கட்டு எனக்காகத் தூக்கிக்கொண்டு வந்து சேருவாள். மகன் சாயங்காலம்தான் வருவான். அதுவரை வீட்டில் நாங்கள் மூன்று பொம்பளைகள் மட்டும்.

மருமகள் கம்ப்யூட்டரில் ஒரு பக்கத்தைக் கண்டுபிடித்து வைத்திருந்தாள். நம் மலாய் நாட்டுத் தமிழர்கள் கூடிப் பேசுகிற இடம். இங்கிலீஷ் எழுத்திலேயே தமிழை எழுதுவார்கள், மருமகள் சத்தமாகப் படித்துச் சொல்வாள். சமையலுக்கு ஓர் அறை, கோயில் திருவிழாவுக்கு ஓர் அறை, வேலை தேடுகிறவர்களுக்கு ஓர் அறை. கடைசியில் பூட்டுப் போட்ட அறை ஒன்று. பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்கள் அதில் நுழையக்கூடாது. புருஷன் பெண்டாட்டி விஷயம், படுக்கை விஷயம் எல்லாம் அங்கேதான். சிலர் எழுதுகிற கதைகளைக் கேட்டால் காது பற்றி எரியும். பச்சையான வேடிக்கைப் பேச்சுகள் வரும். நடுநடுவே நிஜமான கஷ்டங்களும் வரும்.

அந்தப் பக்கத்தை ஆரம்பித்து நடத்தியது ஓய்வுபெற்ற ஓர் ஆஸ்பத்திரித் தாதி. எல்லோரும் மிஸ்ஸி என்றுதான் கூப்பிட்டார்கள். அறைக்குள் விடுவதற்கு முன்னால் அந்தம்மாவே போன் பண்ணிப் பேசிப் பார்ப்பார். மருமகள் எங்களுக்காகக் கேட்டபோதும் ஒருநாள் போன் வந்தது. என்னிடம் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்.

"பிள்ளை பெத்தவளுக்கு மொத வாரத்துல என்னாம்மா குடுப்பீங்க?" என்று கேட்டார்.

எனக்கு யாரென்று தெரியாத மனுஷியிடம் பேச வெட்கம். "தலைப்பிள்ளைக்கா, அடுத்ததுக்கா?" என்று மட்டும் கேட்டேன்.

அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. "போதும்மா, போதும். நீங்க தாராளமா உள்ள வாங்க," என்றார்.

வயதைச் சோதிக்க அந்தம்மாவுக்கு அது போதுமானதாக இருந்தது. சின்னப் பிள்ளைகளுக்கு அப்படித் திருப்பிக் கேட்கத் தெரியாது.

உள்ளே போக ஒரு பெயர் வேண்டும் என்றாள் மருமகள். சொந்தப் பெயரை யாரும் வைப்பதில்லை. அன்றைக்கு சிநேகிதிதான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், அதனால் 'பெம்பான் அக்கா' என்று வைத்தாள். வயது கேட்டதற்கும் சிநேகிதியின் வயதையே தட்டிவிட்டாள், நாற்பத்திரண்டோ மூன்றோ. மூவரும் அந்த ஒரே பெயரில்தான் பேசினோம். எங்களுக்கு அது வித்தியாசமாகவே தோன்றவில்லை. எஸ்டேட்டில் காலையில் வேலைக்கு ஆள் கூடுகிற பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடுவார்கள். எனக்குக் காய்ச்சல் என்றால் என் பெயருக்கு என் நாத்தனார் 'இருக்கேன்' என்று குரல் கொடுத்துவிட்டு என் ரப்பர் மரங்களில் பால் வெட்டப் போவாள். சிநேகிதிகூட எத்தனையோ நாள் நானாக வேலைக்குப் போயிருக்கிறாள். பெயர் கூப்பிடுகிற கிராணிக்கும் தெரியும். ஆள் வந்தால் சரி, பால் வந்தால் சரி. பெயர் என்பது ஒரு கூடை மாதிரி, யார் கை ஒழிவாக இருக்கிறதோ அவர்கள் தூக்கிக்கொண்டு போவது. கம்ப்யூட்டர் பெயரையும் அப்படித்தான் தூக்கினோம்.

மருமகள் அந்தப் பெயரில் வேடிக்கை எழுதுவாள். நான் முதலில் எல்லாம், படிக்க ஆரம்பித்ததுமே சமையலறைக்குப் போய்விடுவேன். அங்கே வெங்காயம் உரித்துக்கொண்டே காதைக் கொடுத்துக் கேட்பேன். "அத்தை, வெங்காயம் போதும்லா, ஒரு கல்யாணத்துக்கே ஆகும்," என்பாள் மருமகள். பிறகு கதவோரம் வந்தேன். பிறகு நாற்காலிக்கு வந்தேன். ஒருநாள், புருஷனைப் பறிகொடுத்த ஒரு பெண் எழுதியிருந்ததற்கு நான் பதில் சொல்லச் சொன்னேன். கட்டில் முழுக்க எனக்கு மட்டும்தான், இருந்தாலும் நான் இன்னமும் சுவர் ஓரமாகத்தான் படுக்கிறேன் என்று. மருமகள் அதைத் தட்டும்போது என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நல்ல பெண்.

சிநேகிதியின் விஷயம் அப்படி லேசானது இல்லை. அவள் வீட்டுக்காரர் ஒரு வருடத்துக்கு மேலாக அவளிடம் வருவதில்லை. வந்தாலும் முடியவில்லை. முடியாத கோபத்தை அவள்மேல் காட்டினார். வேறு எவன் நினைப்பிலோ நீ இருக்கிறாய், அதனால்தான் எனக்கு இப்படி ஆகிறது என்று சொல்லியிருக்கிறார். அவள் இதை என்னிடம்கூட வாய்விட்டுச் சொன்னதில்லை. அந்த அறையில்தான் சொன்னாள், மருமகள் தட்டத் தட்ட, சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு. லாரி ஓட்டுகிறவர், மூன்று பெண் பிள்ளைகள், ராத்திரியில் அடிக்கடி தண்ணீர் குடிக்கிறார், கால் எரிகிறது என்கிறார், எல்லாவற்றையும் சொன்னாள்.

மிஸ்ஸி பதில் போட்டிருந்தார். எப்போதும் போல, 'வாங்கம்மா, சாப்பிட்டாச்சா' என்றுதான் ஆரம்பம். பிறகு, இது உங்களாலும் இல்லை, அவர் மனசாலும் இல்லை, இனிப்புநீராக, அதுதான் சர்க்கரை வியாதியாக, இருக்கலாம், கிளினிக்குக் கூட்டிப் போய் ரத்தம் பார்க்கச் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தார். கால் எரிச்சலுக்கு என்று சொல்லி அழைத்துப் போனாள். இனிப்புநீர்தான். மருந்து ஆரம்பித்தார்கள். மற்றது சரியாயிற்றா என்று நான் கேட்கவில்லை. அவர் சந்தேகப் பேச்சை நிறுத்தினார் என்பது மட்டும் தெரியும். அவள் சேலைக்கு மறுபடியும் பொருத்தமான ரவிக்கை போட ஆரம்பித்தாள், அதிலிருந்து தெரிந்துகொண்டேன்.

இந்த நிலைமையில்தான் அந்தப் பக்கத்தை ஒரு கம்பெனி வாங்கிவிட்டது.

எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஒரு சனிக்கிழமை திறந்தால் நிறமே மாறியிருந்தது. பழைய மஞ்சளைக் காணோம், நீலமும் வெள்ளையுமாக ஆபீஸ் மாதிரி இருந்தது. மேலே கார் விளம்பரம். மிஸ்ஸியின் பெயர் அப்படியேதான் இருந்தது. ஆனால் அந்தப் பெயரில் வந்த பதில்களில் 'சாப்பிட்டாச்சா' இல்லை. 'அன்புள்ள உறுப்பினரே' என்று இருந்தது.

"இது அந்தம்மா இல்ல," என்றேன்.

"அவங்க பேருதான் அத்தை போட்டிருக்கு."

"பேரு போட்டிருந்தா? பெம்பான் அக்கான்னு போட்டுட்டு நாம மூணு பேரு உக்காந்திருக்கோமே, அது மாதிரி அங்க எத்தன பேரு உக்காந்திருக்கானுங்களோ."

சிநேகிதி மெதுவாகக் கேட்டாள்: "கடைய வித்தா, கடைக்கு வந்து போனவங்களயும் சேத்தாக்கா விப்பாங்க?"

மருமகள் டெலிபோன் ஒயரைப் பிடுங்கிவிட்டாள்.

அடுத்த வாரம் அறிவிப்பு வந்தது, இங்கிலீஷிலும் மலாயிலும். மருமகள் படித்துச் சொன்னாள். சின்னப் பிள்ளைகள் பூட்டிய அறைக்குள் நுழைவதாகப் புகார் வருகிறதாம். அதனால் அந்த அறைக்காரர்கள் எல்லோரும் ஐசி என்கிற அடையாள அட்டையின் இரண்டு பக்கத்தையும் போட்டோஸ்டேட் எடுத்து, வீட்டு டெலிபோன் நம்பரோடு தபாலில் அனுப்ப வேண்டுமாம். அனுப்பாதவர்களின் பெயர் மாதக் கடைசியில் மூடப்படும்.

"மூடட்டும்லா," என்றாள் சிநேகிதி. "நமக்கு வேண்டியது ஆச்சு."

"இன்னும் இருக்கு, சித்தி," என்றாள் மருமகள். அவள் முகம் சரியில்லை. "ஏற்கெனவே எழுதினதெல்லாம் அங்கேயேதான் இருக்குமாம். எல்லாம் இப்ப கம்பெனியோடதாம். நல்லா இருக்கறத எடுத்து வெளிய, எல்லாரும் பாக்கற பக்கத்துல போடுவாங்களாம். வேணாம்னா அழிக்கலாம். ஆனா ஐசி காட்டினவங்கதான் அழிக்க முடியும்."

சிநேகிதி கையில் இருந்த தேத்தண்ணீர்க் கோப்பையை முக்காலியில் வைத்தாள்.

எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. பெம்பானில் செம்பனை லாரி ஓட்டுகிற, மூன்று பெண் பிள்ளைகள் உள்ள தமிழர் எத்தனை பேர் இருப்பார்கள்? அது வெளிப் பக்கத்துக்கு வந்து, எவனோ ஒருத்தன் படித்து, சாப்பாட்டுக் கடையில் ஒரு வார்த்தை விட்டால் போதும்.

"என்னைய அடிச்சாருன்னா வாங்கிக்குவேங்க்கா," என்றாள். "அடிக்க மாட்டாரு. அந்த லாரிய எடுத்துட்டுப் போயி எங்கயாச்சும் மரத்துல விட்டுருவாரு. அவரு அப்படிப்பட்ட ஆளு."

அவள் மிகைப்படுத்துகிறவள் இல்லை. அவள் மாமனார் எஸ்டேட்டில் வேலை வாங்குகிற தண்டல் திட்டினார் என்பதற்காகத் தூக்குப் போட்டுக்கொண்டவர். அந்தக் குடும்பத்து ஆண்களுக்கு அப்படி ஒரு மனசு.

ஆக, அவள் சொன்னதை அழிக்க வேண்டும். அழிக்க வேண்டுமென்றால் யாராவது ஐசியைக் கொடுக்க வேண்டும்.

மருமகள் தான் கொடுக்கிறேன் என்றாள். சொன்ன வேகத்தில் நகத்தைக் கடித்தாள். ஆபீசில் தெரிந்தால் வேலை போகும், புருஷனுக்குத் தெரிந்தால் வீட்டில் சண்டை. நான் யோசித்தேன். எனக்குப் புருஷன் இல்லை. வேலை இல்லை. என் ஐசிப் பெயரை யாரும் கூப்பிடுவதும் இல்லை. பிறந்தபோது வைத்த பெயர் ஒன்று, எஸ்டேட்டில் கூப்பிட்டது ஒன்று. ஐசியில் இருப்பது, கிராணி காதில் விழுந்ததை அவர் மனம்போல நீட்டி எழுதியது. அந்தப் பெயரில் என்னைக் கூப்பிட்டது கவர்மெண்ட் ஆஸ்பத்திரி மட்டும்தான்.

"என்னோடத அனுப்பு," என்றேன். "எனக்குப் பதினெட்டு ஆயிருச்சான்னுதானே பாக்கணும்? நல்லாப் பாக்கட்டும்."

மருமகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிநேகிதி சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "உங்க மேல வந்துருமேக்கா," என்றாள்.

"என் மேல வந்தா என்னா, நான் எந்த லாரியில ஏறப் போறேன்?"

பெரிய தைரியசாலி மாதிரிப் பேசிவிட்டேனே தவிர, சந்தேகம் போகவில்லை. பதினெட்டு வயதா என்று பார்க்க ஐசியின் பின்பக்கம் எதற்கு? கட்டைவிரல் ரேகை பின்னால்தான் இருக்கிறது. வீட்டு டெலிபோன் நம்பர் எதற்கு? அனுப்புகிற இடத்துக்குத் தெருப் பெயரும் இல்லை, கட்டட நம்பரும் இல்லை, தபால்பெட்டி எண் மட்டும் இருந்தது. என் வயதைப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்குத் தங்கள் வீட்டைக் காட்ட மட்டும் ஆசையில்லை.

போட்டோஸ்டேட் எடுக்க பாச்சாங்குக்குப் போனேன். பக்கத்திலேயே கடை இருந்தது, ஆனால் அங்கே எல்லோரும் தெரிந்தவர்கள். பாச்சாங்கில் ஒரு தமிழ் முஸ்லிம் பெரியவர் கடை வைத்திருந்தார். பேனா, பத்திரிகை, வெற்றிலை, ஓரத்தில் ஒரு போட்டோஸ்டேட் மெஷின். எல்லோருக்கும் அவர் நானாதான், அண்ணன் முறை. அங்கே என்னைத் தெரியாது என்று நினைத்துப் போனேன்.

"பட்டறையில இருக்கற தம்பியோட அம்மாதானே நீங்க?" என்றார் என்னைப் பார்த்ததுமே.

திரும்பிவிடலாமா என்று இருந்தது. கையில் இருந்ததை அதற்குள் அவர் வாங்கிவிட்டார்.

"ரெண்டு பக்கமுமா? எதுக்கும்மா, பேங்கா?"

"ஆமா நானா."

"பேங்குக்கு முன்பக்கம் போதுமே."

"இது வேற பேங்கு."

அவர் மேலும் கீழுமாக ஒருமுறை பார்த்தார். மெஷின் பச்சை வெளிச்சம் விட்டு இரண்டு தடவை போய் வந்தது. தாளைக் கொடுக்கும்போது குரலைத் தாழ்த்தி, "உங்க மகனுக்குத் தெரிஞ்சுதான் செய்றீங்களா? இப்ப ஐசி காப்பிய வச்சு வீட்டையே எழுதி வாங்கிடறானுங்க. இந்தாங்க பேனா. குறுக்கால ரெண்டு கோடு போட்டு, எதுக்குக் குடுக்கறீங்களோ அத எழுதிடுங்க. வேற எதுக்கும் எடுத்துக்க முடியாது," என்றார்.

நல்ல புத்திதான் சொன்னார். ஆனால் எதற்கு என்று எழுதுவது, அவர் கண்ணுக்கு முன்னால்? இரண்டு கோடு போட்டேன். நடுவில் தமிழில் 'இதற்கு மட்டும்' என்று எழுதினேன்.

நானா தலையை நீட்டிப் படித்தார். "எதுக்கு மட்டும்?"

"அவங்களுக்குத் தெரியும் நானா," என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். அதற்குப் பிறகு ரொம்ப நாளைக்கு அந்தக் கடைப்பக்கம் போகவில்லை.

தபாலில் போட்டோம். அடுத்தடுத்த சனிக்கிழமைகளில் சிநேகிதி வந்ததும், செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே, "வந்துச்சா?" என்பாள். கடைசியில் கம்ப்யூட்டரில் பதில் வந்தது. மருமகள் படித்தாள். நிறுத்தினாள். மறுபடியும் படித்தாள்.

"என்னாடி?" என்றேன்.

"ஒத்துக்க மாட்டேங்கறாங்க அத்தை. வயசு சரியில்லையாம்."

"எனக்கா வயசு பத்தல?"

"பத்தலன்னு இல்ல. கூடிப்போச்சு. பெம்பான் அக்காவுக்கு நாப்பத்திரண்டுன்னு பதிஞ்சிருக்கு. ஐசியில அறுபதுக்கு மேல இருக்கு. வேற ஆளோட ஐசின்னு சொல்றாங்க."

பேரன் பேத்தி எடுக்கிற வயதில், பதினெட்டுக்கு மேற்பட்டவள் என்று என்னால் நிரூபிக்க முடியாமல் போனது. சிரிக்க வேண்டிய விஷயம். மருமகள் சிரித்துவிட்டாள்கூட. ஆனால் சிநேகிதி கைப்பையைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

"அப்படின்னா என்னோடதுதான் ஒத்துப்போகும்," என்றாள்.

வயது அவளுடையது, கதை அவளுடையது. ஆனால் அவள் ஐசி போனால், இதுவரை பெயர் இல்லாமல் இருந்த கதைக்குப் பெயரும் விலாசமும் வந்துவிடும். அழித்துவிட்டோம் என்று அவர்கள் சொன்னால் நாம் எங்கே போய்ப் பார்ப்பது? முன்னால் தெரிவதை எடுத்துவிட்டு உள்ளே ஒரு பிரதி வைத்துக்கொண்டால்? இதையெல்லாம் நான் சொன்னேன். அவள் கேட்டாள். கேட்டுவிட்டு, "மாசக் கடைசி நெருங்கிருச்சேக்கா," என்றாள்.

அதற்கடுத்த சனிக்கிழமை அவள் வந்தபோது ஐசிப் பிரதியை உறையில் போட்டு ஒட்டியே கொண்டுவந்திருந்தாள். ஜாசினில் போய் எடுத்தேன், தெரிந்த முகமே இல்லை என்றாள். விலாசம் மட்டும் மருமகள் எழுத வேண்டும். டெலிபோன் நம்பர் அவளுடையது இல்லை, எங்கள் வீட்டுடையதுதான் என்று முன்பே பேசியிருந்தோம். அவள் வீட்டில் அவர் எடுத்துவிடக்கூடாது என்பதற்காக.

அன்றைக்கு மகன் வீட்டில் இருந்தான். முதுகுவலி என்று லீவு போட்டிருந்தான். முதலாளி கூப்பிடுவார், லைனை விடுங்கள் என்று சொல்லிவிட்டதால் கம்ப்யூட்டரில் தலையணை உறை மாட்டியபடியே இருந்தது. நாங்கள் மூவரும் சமையலறை மேசையில், உறையை ஒரு தட்டுக்கு அடியில் வைத்துவிட்டுக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம்.

டெலிபோன் அடித்தது. மகன் எடுத்தான். "யாரு? யாரு வேணும்?" என்றான். பிறகு குரல் மாறியது. "எங்கேருந்து பேசறீங்க? என்னா மாத்திரை? யாரு புருஷனுக்கு?"

மருமகள் கையில் இருந்த கீரை அப்படியே நின்றது.

மகன் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு சமையலறையை எட்டிப் பார்த்தான். முதலில் அவன் பார்த்தது தன் பெண்டாட்டியை. "யாரு இந்த வீட்டு நம்பரக் குடுத்தது? ஆம்பளைங்களுக்கு மாத்திரை விக்கறாங்களாம். வீட்டுக்காரம்மாகிட்ட பேசணுமாம்," என்றான். பிறகு என் பக்கம் திரும்பினான். "உங்க ஐசி பேரச் சொல்றாம்மா அந்தப் பொண்ணு. முழுசா, தாத்தா பேரோட. எப்படித் தெரியும்?"

அந்தப் பெயரை நான் வேறு எங்கேயும் கொடுக்கவில்லை. வேண்டாம், வேறு ஆளுடையது என்று அவர்களே தள்ளிவிட்ட தாளில்தான் அது இருந்தது. தள்ளினார்கள், ஆனால் வைத்துக்கொண்டார்கள். வைத்துக்கொண்டதோடு, மாத்திரை விற்கிறவனிடம் கொடுத்தும் இருக்கிறார்கள்.

மகன் மறுபடியும் மருமகளைப் பார்த்தான். அவள் வாயைத் திறந்தால் எல்லாம் வெளியே வந்துவிடும். நான் எழுந்து போய் ரிசீவரை வாங்கினேன்.

"எனக்குத்தான்," என்றேன்.

"உங்களுக்கா?"

"எனக்குத்தான்டா. நீ போய்ப் படு."

அவன் போகவில்லை. அங்கேயே நின்றான். மகன் முன்னால் நான் அதுவரை அப்படி ஒரு பேச்சைப் பேசியதில்லை.

போனில் ஒரு சின்னப் பெண் குரல். இனிமையாகத்தான் பேசினாள். "ஆன்ட்டி, வெட்கப்படாதீங்க. உங்க ஹஸ்பண்ட் பிரச்சினைக்கு எங்ககிட்ட நல்ல மருந்து இருக்கு. இனிப்புநீர் உள்ளவங்களும் சாப்பிடலாம்."

"என் வீட்டுக்காரர் இறந்துட்டாரும்மா," என்றேன்.

தாள் புரள்கிற மாதிரி ஏதோ கேட்டது. பிறகு அவள் கேட்டாள்:

"அப்படின்னா, லாரி ஓட்டறது யாரு ஆன்ட்டி?"

நான் போனை வைத்துவிட்டேன். கை அதன்மேலேயே கொஞ்ச நேரம் இருந்தது, அது மறுபடியும் அடித்துவிடாமல் அழுத்திப் பிடித்திருந்தேன் போல. மகன், "என்னாம்மா கேட்டா?" என்றான். நல்லவேளை, அவனுக்குக் கேட்கவில்லை. சிநேகிதி சமையலறையில் இருந்து என் முகத்தைப் பார்த்தாள். என்ன கேட்டிருப்பார்கள் என்று அவளுக்கு நான் சொல்லாமலே தெரிந்துவிட்டது. தட்டுக்கு அடியில் இருந்த உறையை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"ஏதோ விளம்பரம்," என்றேன் மகனிடம். "கடையில ஐசி காப்பி குடுத்தேன், அத வச்சுக் கூப்பிடறானுங்க."

"எந்தக் கடை? பாச்சாங்கு நானா கடையா? அவரு சொன்னாரு நீங்க வந்தீங்கன்னு. நான்தான் நம்பல." அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். அந்தப் பார்வை பல மாதம் இருந்தது. போன் அடித்தால் அவனே ஓடிப் போய் எடுப்பான், எடுத்துவிட்டு என்னைப் பார்ப்பான். தன் அம்மாவைப் பற்றி அவன் என்னதான் நினைத்தானோ, கேட்கவும் முடியாது, சொல்லவும் முடியாது. நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். நாத்தனார் என் பெயருக்குக் குரல் கொடுத்த நாள்களில் அவள் வாங்கிய ஏச்சும் என் பெயரில்தானே விழுந்தது.

மகன் அறைக்குள் போன பிறகு சிநேகிதி பின்பக்கம் போனாள். உறையைப் பிரிக்காமலேயே துண்டு துண்டாகக் கிழித்து, குப்பைத்தொட்டியில் போடாமல், பழைய பால் டின்னில் வைத்துக் கொளுத்தினாள். நான் குச்சியால் கிளறிவிட்டேன்.

"அழிக்க முடியாமப் போச்சே, புள்ள," என்றேன்.

"இருந்துட்டுப் போவட்டுங்க்கா," என்றாள். "பேரு இல்லாம இருந்தா, அது நான் இல்லன்னு சொல்லலாம். பேரக் குடுத்துட்டு அழிச்சாங்களா இல்லையான்னு தெரியாம, எப்படிக்கா நான் அவரு பக்கத்துல படுக்கறது?"

மாதக் கடைசியில் பெம்பான் அக்காவை மூடிவிட்டார்கள். வெளிப் பக்கத்தில் எதைப் போடுகிறார்கள் என்று மருமகள் ஆபீசில் இருந்தபடியே கொஞ்ச காலம் பார்த்துக்கொண்டிருந்தாள். லாரிக் கதை அவள் கண்ணில் படவில்லை. பிறகு ஒருநாள் பக்கமே திறக்கவில்லை என்றாள். கம்பெனி நொடித்துவிட்டது என்றார்கள். இன்னொரு கம்பெனி வாங்கிவிட்டது என்றும் சொன்னார்கள். மிஸ்ஸி எங்கே போனார் என்று தெரியவே இல்லை. அவர் தெரிந்தே எங்களை விற்றாரா, அவரையும் ஏமாற்றினார்களா என்று இன்றைக்கும் என்னால் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. அவர் கேட்ட கேள்வி மட்டும் அடிக்கடி ஞாபகத்துக்கு வரும்.

சிநேகிதியின் வீட்டுக்காரர் பிறகு பல வருடம் லாரி ஓட்டினார். சனிக்கிழமைகளில் சில சமயம் அவரே அவளைக் கொண்டுவந்து எங்கள் வாசலில் இறக்கிவிடுவார். லாரிச் சத்தம் சந்து முனையில் கேட்டதும் நான் அந்தத் தலையணை உறை சரியாக மாட்டியிருக்கிறதா என்று ஒருமுறை இழுத்துப் பார்ப்பேன்.

இதில் வருடம் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. ஐசியின் பின்பக்கத்தில் ரேகையோடு வேறு என்ன இருந்தது, தபால்பெட்டி எந்த ஊருடையது என்பதெல்லாமும் குழம்பிவிட்டது. மருமகளைக் கேட்டால் அவளும் வேறு மாதிரிச் சொல்கிறாள். விவரம் தெரிந்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்துங்கள். கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள் இருந்தால் இன்னொன்றும் பார்த்துச் சொல்ல வேண்டும். பெம்பான் அக்கா எழுதியது இப்போதும் எங்கேயாவது கிடக்கிறதா? குறுக்கே இரண்டு கோடு போட்டு 'இதற்கு மட்டும்' என்று எழுதிய என் ஐசி யார் கையில் இருக்கிறது? கிடைத்தால் படித்துப் பார்க்க வேண்டாம். இருக்கிறது, இல்லை என்று மட்டும் சொல்லுங்கள். டெலிபோனில் வேண்டாம்.